ஊசிக்காரர் தேவானந்தமும் அசையாத லாரியும்

கிணத்துக்கடவுப் பக்கம் போன பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பிறந்த கன்றுகளில் பாதிக்கு மேல் தேவானந்தத்தின் கைபட்டுப் பிறந்தவை. கூட்டிச் சொல்வதாகத் தோன்றினால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கே ஒரு சந்தை போதாது. அவருடைய பைக் சத்தம் தோப்புக்கு அந்தப் பக்கம் கேட்டதுமே பசுக்கள் தாமாக வாலை ஒதுக்கிக்கொண்டு நிற்கும் என்பார்கள். நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவர்களும் சத்தியம் செய்யச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது அவர் தொழில். பைக்கின் பின்னால் பால் கேனுக்கு அண்ணன் மாதிரி ஓர் அலுமினியக் கேன் கட்டியிருக்கும். அதற்குள் திரவ நைட்ரஜன். மூடியைத் திறந்தால் மார்கழிப் பனி போலப் புகை வழியும். அந்தக் குளிருக்குள்ளே, இளநீர் உறிஞ்சும் குழலைவிட மெல்லிய குச்சிகளில், காளைகளின் விந்து உறைந்து தூங்கும். சில காளைகள் செத்து மண்ணாகியே பல காலம் ஆகியிருக்கும். செத்த பிறகும் தகப்பனாகிக்கொண்டே இருக்கிற யோகம் மாட்டு ஜாதிக்குத்தான் வாய்த்திருக்கிறது. தேவானந்தம் ஒரு குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு எழுப்புவார். தோள் வரை பிளாஸ்டிக் உறை மாட்டிய இடது கையைப் பசுவுக்குள் விட்டுக் கருப்பையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மெல்லிய கம்பியைச் செலுத்துவார். முடிந்ததும் பசுவின் முதுகில் ஒரு தட்டு. அவ்வளவுதான் கல்யாணம்.

ஊசி போட யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் இந்த ஊர்களில் கூப்பிடுவது கைராசிக்காரரை. விதை தூவ ஒரு கை, புது வீட்டில் பால் காய்ச்ச ஒரு கை என்று எல்லாவற்றுக்கும் ராசி பார்க்கிற ஊர். பிள்ளையில்லாதவளைத் தொட்டில் கட்டக் கூப்பிடாத ஊர். அப்படிப்பட்ட ஊர், கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் பிள்ளையில்லாத ஒருவரை எப்படித் தன் தொழுவத்துக்குள் விட்டது என்று கேட்கிறீர்களா? விஷயம் எளிது. குறை அவர் மனைவி அன்புக்கரசியிடம் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. யாரும் பரிசோதித்துத் தீர்மானிக்கவில்லை. ஆயிரம் பசுவைச் சினையாக்கிய கை ஒரு பக்கம், தென்னை நார் மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் ஒல்லியான பெண் ஒரு பக்கம். தீர்ப்புச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

தேவானந்தத்தின் அம்மா இருதயம்மாளும் அதே கட்சிதான். வெள்ளிக்கிழமை தவறாமல் மருமகளுக்காக உபவாச ஜெபம் இருப்பார். ஜெபம் முடிந்து எழுந்ததும் பசியில் வாய் நிற்காது.

“என்ற பையன் கைபட்டா வறட்டு மாடே சினை புடிக்குது. வாசப்படியத் தாண்டி உள்ளதான் ராசி வர மாட்டேங்குது கண்ணு.”

அன்புக்கரசி மில்லுக்குச் சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் டாக்டரம்மா, மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்றார். கூடவே தேவானந்தத்தைத் திரும்பிப் பார்த்து, “உங்களுக்கு இதுவரைக்கும் டெஸ்ட் எடுத்ததே இல்லைங்களா?” என்று கேட்டார்.

“எனக்கென்னங்க,” என்றார் தேவானந்தம். “நான் நல்லாத்தானுங்களே இருக்கறேன்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு லேபுக்கு எழுதிக் கொடுத்தார்.

லேபிலிருந்து போன் வந்தபோது தேவானந்தம் காளிச்சாமியின் தொழுவத்தில் இருந்தார். காளிச்சாமிக்குத் தோப்பும் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. தேவானந்தத்தின் இடது கை தோள் வரை பசுவுக்குள். வலது கையில் கம்பி. சட்டைப் பையில் போன் கதறியது. காளிச்சாமியே உரிமையோடு அதை எடுத்து, அமுக்கி, அவர் காதில் வைத்தார்.

“தேவானந்தம்ங்களா? லேப்ல இருந்து பேசறேனுங்க. உங்க சாம்பிள்ல ஒண்ணுமே அசையலீங்க. ஒண்ணுகூட. நீங்க மறுக்கா நேர்ல வந்து...”

“சரிங்க. வெச்சுருங்க.”

“யாரப்பா அது?” என்றார் காளிச்சாமி.

“நைட்ரஜன் கொண்டாறவங்கங்கண்ணா.”

“என்னமோ அசையலைன்னு பொம்பளக் கொரல் கேட்டுச்சு?”

“லாரிங்கண்ணா. லாரி அசையலையாமா. ரோட்டுல நின்னுபோச்சாமா.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூடங்க.”

“அதெப்படி அத்தன லாரியும் ஒரே நாள்ல நிக்கும்? டீசல்ல தண்ணியக் கலந்துபோட்டானுக போ.”

பசு திரும்பிப் பார்த்தது. தன் இடது கை எங்கே இருக்கிறது என்றே தேவானந்தத்துக்குத் தெரியவில்லை. விரல் நுனியில் கருப்பைக் கழுத்தா, குடலா, ஒன்றும் புலப்படவில்லை. கம்பியை எங்கே செலுத்தினாரோ, முதுகில் தட்டினாரோ இல்லையோ, பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாயில் லாரி என்று ஏன் வந்தது என்பது அவருக்கு வழியில்தான் உறைத்தது.

தொழில் கற்ற காலத்தில் பயிற்சிக்காக ஒரு காளைப் பண்ணைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு காளை இருந்தது. கறுப்பு வெள்ளை, முதுகில் ஆள் உட்கார்ந்து சாப்பிடலாம் போன்ற உடம்பு. அது மூச்சு விட்டால் சுவரிலிருந்த காலண்டர் தேதி கிழியும் என்று பையன்கள் சொல்வார்கள். ஒரு நாள் காலை அதன் விந்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் நிமிர்ந்து, “அசைவு இல்ல,” என்றார். மறு வாரமும் அதே. அதற்கு அடுத்த வாரமும் அதே. யாரும் அந்தக் காளையைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. தீனியைக்கூடக் குறைக்கவில்லை. ஒரு நாள் ஒரு லாரி வந்து பின்பக்கத்தைக் காட்டி நின்றது. காளை தானாகவே பலகை மேல் நடந்து ஏறியது. அதற்குப் பிறகு அந்தக் கொட்டிலைக் கழுவிவிட்டு வேறு காளையைக் கட்டினார்கள். தேவானந்தம் அப்போது இருபது வயசுப் பையன். அந்தக் காளை பலகையேறின சத்தம் மட்டும் அவர் காதுக்குள்ளேயே எங்கோ தங்கிவிட்டது.

இப்போது அது கேட்க ஆரம்பித்தது.

அவர் அந்த சாம்பிளை எப்படிக் கொடுத்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லேபில் அதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. ஆனால் தேவானந்தத்துக்கு அந்த அறைக்குள் போகத் தைரியம் வரவில்லை. கோயம்புத்தூர் என்ன, பக்கத்து வீடு மாதிரி. வராந்தாவில் யாராவது பால்காரர் உட்கார்ந்திருந்தால்? “ஊசிக்காரரே, இங்க எங்கீங்க?” என்று கேட்டால்? லேப் அம்மாள், வீட்டிலிருந்தும் கொண்டுவரலாம், ஆனால் இப்படி இப்படிக் கொண்டுவர வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவானந்தத்தின் கண் முழுவதும் வராந்தாவில். “ஒரு மணி நேரத்துக்குள்ள” என்பது மட்டும் காதில் விழுந்தது. மற்றதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? விந்தைப் பத்திரமாகக் கொண்டுபோவதுதானே தன் பிழைப்பு! மாட்டுத் தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டியில், பிரிஜ்ஜின் மேல் தட்டிலிருந்து எடுத்த ஐஸ் கட்டிப் பைகளுக்கு நடுவே, டப்பாவை அசங்காமல் வைத்து மூடி, பைக்கை விரட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிவிட்டார். இதைவிட ஒழுங்காக யாராலும் செய்திருக்க முடியாது என்பது அவர் எண்ணம்.

போன் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பயங்கள் குடியிருந்தன. ஒன்றுக்கொன்று முகம் பார்க்கவில்லை.

அன்புக்கரசியின் பயம் மயக்க மருந்து. அவளுடைய சித்தி ஒருத்தி சின்ன ஆபரேஷன்தான் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். மயக்கம் தெளியவில்லை. வெளியே காத்திருந்த அன்புக்கரசியின் கையில் சித்தியின் வளையல்கள் இருந்தன. அப்போது அவளுக்குப் பள்ளிக்கூட வயசு. சித்தி எழுந்ததும் மாட்டிவிடலாம் என்று அவற்றைத் தாவணியில் துடைத்துக்கொண்டே இருந்தாளாம்.

தேவானந்தத்தின் பயம் ஊர். ஊசிக்காரருடையதே அசையவில்லை என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும். அப்புறம் எந்தத் தொழுவத்தில் கூப்பிடுவார்கள்? அம்மா யார் முகத்தில் விழிப்பார்? நடந்து போகும்போது பின்னால் பேசுவது எல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. டீக்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். தொழுவத்தில் கட்டியிருந்த பசுக்கள் எல்லாம் விஷயம் தெரிந்த மாதிரி அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. தண்ணீரிலிருந்து எடுத்த குச்சியின் நுனியை வெட்டும்போது ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. நிலத்தில் ஈரம் பரவியதைப் பார்த்து அவருக்கு வியர்த்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, பயந்தது நடந்தது. காளிச்சாமி வீட்டு வாசலுக்கே வந்தார்.

“தேவானந்தம், அந்த மாடு மறுக்காக் கத்துதப்பா. சினை நிக்கல. உன்ற கையில இப்படி ஆனதே இல்லையே?”

“சில மாடு அப்படித்தானுங்கண்ணா.”

“மாட்டச் சொல்லாத. கை ராசி கொறஞ்சுபோச்சான்னு எங்கூட்ல கேக்கறா.” பிறகு, போகிற போக்கில், “அது கெடக்கட்டும். அந்த லாரி அசைஞ்சுதா?”

“அசையுங்கண்ணா.”

“இன்னுமா நிக்குது! கட்டி இழுக்கச் சொல்லப்பா.”

அவர் போன பிறகு அன்புக்கரசி உள்ளிருந்து கேட்டாள். “ஏனுங்க, எந்த லாரிங்க?”

“நைட்ரஜன் லாரி.”

“உங்க டெஸ்ட் என்னாச்சுங்க? டாக்டரம்மா போன்ல கேட்டாங்க. அட்மிஷனுக்கு வரும்போது ரிப்போர்ட்டு கட்டாயம் வேணுமாமா.”

“அதெல்லாம் நல்லா இருக்குதாமா. ரிப்போர்ட்ட அன்னைக்கே வாங்கிக்கலாம்,” என்றார் தேவானந்தம். சொல்லிவிட்டு, தன் வாயே தன்னை விற்றுவிட்டதைப் போல நின்றார். இனி அவளைக் கத்திக்கு அனுப்புவது டாக்டர் இல்லை, அவர்தான்.

அட்மிஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் பையில் துணி அடுக்கினாள். மாமியாருக்கு மாத்திரை எங்கே, பால் கூப்பன் எங்கே என்று காட்டினாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு நீலச் சேலையைத் தனியாக எடுத்து வைத்தாள்.

“இது எதுக்கு அம்மணி? ஆஸ்பத்திரிக்குப் பட்டா?”

“ஆஸ்பத்திரிக்கு இல்லீங்க. சும்மா மேலாப்புல வெக்கறேன். எதாச்சும் ஆச்சுன்னா தேடிட்டு இருக்கக் கூடாதில்லீங்க. எனக்கு இதையே கட்டி உடச் சொல்லுங்க.”

அடுப்படியிலிருந்து இருதயம்மாள், “வாயக் கழுவு கண்ணு! ஆண்டவரே, இவ பேச்சக் கேக்காதீங்க!” என்று கத்தினார். கத்தின குரல் பாதியில் உடைந்தது. அந்த அம்மாளுக்கும் மருமகள் என்றால் உயிர்தான். அதைச் சொல்லத்தான் பழக்கமில்லை.

தேவானந்தம் வெளியே போய் பைக்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

காலையில் பஸ்ஸில் போனார்கள். இருவர் இருக்கை, ஜன்னல் பக்கம் அவள், மடியில் பை. ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் ஏதோ வேலை நடந்த இடத்தில் வண்டிகள் தேங்கின. எதிர்ப்பக்கம் பொள்ளாச்சியை நோக்கி வந்த ஒரு லாரி அவர்களுடைய ஜன்னலுக்கு நேராக நின்றது. பின்னால் மாடுகள். பலகை இடுக்கில் ஒரு காளையின் முகம் தெரிந்தது. அது கத்தவில்லை, முட்டவில்லை. தன்னை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நல்லவர்கள்தான் என்று நம்பியது போல அமைதியாக அன்புக்கரசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி, மெதுவாகத் தேவானந்தத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

“உள்ள போகும்போது நகையெல்லாம் கழட்டச் சொல்லுவாங்களாமா. நீங்களே வெச்சிருங்க.”

பலகை மேல் குளம்புகள் ஏறும் சத்தம் அவர் காதுக்குள் எழுந்தது. ஆனால் இப்போது ஏறிக்கொண்டிருந்தது அவர் இல்லை.

“அரசி,” என்றார். “டெஸ்ட்டு நல்லா இல்ல.”

“என்னங்க?”

“என்ற டெஸ்ட்டு. ஒண்ணுகூட அசையலையாமா. அன்னைக்கு போன்ல சொன்னாங்க. நான் பொய் சொல்லிப்போட்டேன்.”

லாரி நகர்ந்தது. காளையின் முகம் போய்விட்டது. பஸ்ஸும் நகர்ந்தது. முன் இருக்கையில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. ஈச்சனாரி வந்தது.

“சோறு எறங்காமக் கெடந்தனுங்க,” என்றாள் அன்புக்கரசி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. குரல் உயரவில்லை. “சேலை எடுத்து வெச்சனுங்க. நீங்க பக்கத்துல நின்னு, பட்டு எதுக்குன்னு கேட்டீங்க.”

“பயந்துபோட்டேன் அம்மணி.”

“நான் பயப்படலீங்களா? உங்க பயத்துக்கு நானாங்க கெடைச்சேன் பலி குடுக்க?”

“தப்புத்தான்.”

“தப்புன்னு சின்ன வார்த்தையாச் சொல்லாதீங்க.” உக்கடத்தில் பஸ் நின்றதும் எழுந்துகொண்டாள். “எறங்குங்க.”

“ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ் மாறோணும்...”

“ஆஸ்பத்திரிக்கு இல்ல. அந்த லேபுக்கு. எந்த வாய் அசையலைன்னு சொல்லுச்சோ அந்த வாயில நானே கேக்கோணும்.”

லேபில் அன்று போன் செய்த அம்மாளே இருந்தார். ஆமினா பீவி. லேப் படிப்பில் பட்டம் வாங்கி, விந்துப் பரிசோதனையிலேயே பல வருஷம் வேலை பார்த்தவர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு தேவானந்தத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“வெச்சுருங்கன்னு சொல்லிட்டு வெச்ச ஆளுதானுங்களே நீங்க? அப்புறம் எத்தன வாட்டி கூப்பிட்டேன், எடுக்கவே இல்லையே. முழுசும் கேக்காம எங்கீங்க ஓடுனீங்க?”

“அதுக்கு மேல கேக்க என்னங்க இருக்குது?”

“நெறைய இருக்குது. எண்ணிக்கையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உருவமும் மோசமில்ல. ஆனா அத்தனையும் ஒட்டுமொத்தமா நின்னு கெடந்துச்சு. அப்படி நிக்கறது ரொம்ப அபூர்வங்க. அதான் சந்தேகப்பட்டு மறுக்கா வரச் சொன்னேன். அன்னைக்கு எப்படிக் கொண்டாந்தீங்க?”

தேவானந்தத்துக்குக் கொஞ்சம் தொழில் கர்வம் திரும்பியது. “ஐஸ் பெட்டியிலங்க. கட்டி ஐஸ் நாலு பக்கமும் வெச்சு, அசங்காம.”

ஆமினா பீவி நெற்றியில் அடித்துக்கொண்டார். “அல்லாவே! உடம்புச் சூட்டுலயே, சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டாங்கன்னு கிளிப்புள்ளைக்குச் சொல்ற மாதிரிச் சொன்னனே!”

“நாங்க மாட்டுக்கு அப்படித்தானுங்களே...”

“மாட்டு டாக்டருங்களா?”

“சினை ஊசி போடறவருங்க,” என்றாள் அன்புக்கரசி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கோணுமே! காளையோடதை அப்படியே பச்சையாவா உறைய வெக்கறாங்க? முட்டை மஞ்சக்கரு, கிளிசரின் எல்லாம் கலந்து, மெதுவா மெதுவாக் குளிர வெக்கறாங்க. உங்களுக்கு யாருங்க முட்டை கலந்தது?”

அன்புக்கரசி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தேவானந்தத்துக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

“அந்த வாலுக்குள்ள சின்னச் சின்ன மடை இருக்குதுங்க,” என்றார் ஆமினா பீவி. “உடம்புக்குள்ள இருக்கற வரைக்கும் அதுக தூங்கிட்டுத்தான் கெடக்கும். வெளிய வரும்போது ஒரு நீரு வந்து கலக்கும். நம்ம சோடா உப்புல இருக்கற சரக்கு அதுல இருக்குது. அது பட்டதும் முழிக்கும். மடை தொறந்து கால்சியம் உள்ள போகப் போக வால் அடிக்கும். அப்புறம் பொம்பள உடம்புல முட்டையச் சுத்தி இருக்கற செல்லுக ஒரு ஹார்மோனை விடும். அது ஒரு சேதிங்க. அந்தச் சேதி எட்டினா மடை இன்னும் பெருசாத் தொறந்து, சாட்டையச் சுழட்டற மாதிரி வால் சுழலும். நீங்க பச்சையா ஐஸ்ல வெச்சீங்கன்னா மேல்தோல் கெட்டு, மடையெல்லாம் ஒழுகிப்போகும். அப்புறம் எந்தச் சேதி வந்தாலும் கேக்க ஆளில்ல.”

“அப்ப என்றது நல்லா இருக்குதுங்களா?”

“அத நான் சொல்லல. அன்னைக்குப் பாத்தது எதுக்கும் உதவாதுன்னு சொன்னேன். கெடக்கறது நல்லதா கெட்டதான்னு இனித்தான் பாக்கோணும். அந்த ரூமுக்குப் போங்க.”

அவர் வராந்தாவைப் பார்த்தார். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது தெரிந்தவரா என்று பார்க்கத் தோன்றியது. பக்கத்தில் அன்புக்கரசி, கழுத்தில் சங்கிலி இல்லாமல் நின்றாள். தேவானந்தம் தலையைக் குனிந்துகொண்டு, எல்லோர் முன்னாலும் நடந்து, அந்தச் சின்ன அறைக்குள் போனார். தோள் வரை பசுவுக்குள் கைவிட்ட மனுஷருக்கு, அந்தக் கதவுத் தாழ்ப்பாளைப் போட இரண்டு கை வேண்டியிருந்தது.

அவர் வெளியே வந்த பிறகு காத்திருந்த நேரம்தான் மிகக் கொடுமை. இனி ஐஸ் பெட்டி மேல் பழிபோட முடியாது. இப்போதும் அசையவில்லை என்றால் அது அவரேதான். அன்புக்கரசி டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். “இவர் ரிசல்ட் வராம நான் கத்தி எடுக்க மாட்டேன்,” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் பாதிப் பயம் போனது. போனது எங்கேயும் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தேவானந்தத்திடம்தான் வந்தது.

“வாங்க,” என்று கதவைத் திறந்தார் ஆமினா பீவி. “பாக்கறவங்கள உள்ள உடறதில்ல. நீங்க மாட்டுல இதே வேலை பாக்கறவரு, அதனால ஒருக்கா.”

சூடாக வைத்திருந்த தட்டின் மேல் கண்ணாடித் தகடு. தேவானந்தம் குனிந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷம் விந்தைக் கேனில் சுமந்தவர், பயிற்சிக்குப் பிறகு ஒருநாளும் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததில்லை. முதலில் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு அந்த வெளிச்சத்தில் பொட்டுப் பொட்டாக நின்றுகொண்டிருந்தவை. நின்றுகொண்டே இருந்தன.

“ஓரத்துல பாருங்க,” என்றார் ஆமினா பீவி.

ஓரத்தில் ஒன்று நெளிந்தது. இன்னொன்று. ஒன்று நேராகப் போய் வழியில் கிடந்ததை இடித்துத் திரும்பியது. தேவானந்தத்தின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்பின் மேல் விழுந்தது.

“லென்ஸ்ல அழுவாதீங்க, தொடைக்கறது கஷ்டம்,” என்றார் ஆமினா பீவி. அதட்டலுக்குப் பின்னால் குரல் இறங்கியது. “நூத்துக்கு நாப்பதாச்சும் அசையோணுமுங்க. இங்க இருபதுக்குப் பக்கம்தான் இருக்குது. அதுலயும் நேராப் போறது கொஞ்சம். மூளைக்குக் கீழ இருக்கற சுரப்பியில இருந்து கீழ வர்ற ஹார்மோன் சரியா வருதான்னு உங்க ரத்தத்துல பாக்கச் சொல்லுவாங்க. மருந்து குடுப்பாங்க. புதுசா ஒரு பட்டாளம் தயாராகி வரவே ரெண்டு மூணு மாசம் ஆகும். அப்புறமும் ஆகுமா ஆகாதான்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

“ஆகாமயும் போகலாமுங்களா?”

“போகலாமுங்க.”

“தள்ளுங்க, நான் பாக்கறேன்,” என்றாள் அன்புக்கரசி. குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “ஏனுங்கக்கா, இதுக ஏன் ஆளுக்கொரு பக்கம் போகுதுக?”

“இங்க முட்டை இல்லையே. சேதி வரல. எந்தப் பக்கம்னு அதுகளுக்கு எப்படித் தெரியும்?”

தேவானந்தத்தின் போன் அடித்தது. திரையில் காளிச்சாமி பெயர். எடுப்பதா வேண்டாமா என்று அவர் திகைத்து நிற்க, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள் அன்புக்கரசி.

“சொல்லுங்கண்ணா... அவரு இங்க வேலையா இருக்காருங்க. மாடு கத்துதுங்களா? நாளைக்கு வருவாருங்க... எதுங்க? லாரிங்களா?”

அந்த வீட்டில் அவள் கேட்ட பேச்சுக்கெல்லாம் சேர்த்து, ஒரே வாக்கியத்தில் தேவானந்தத்தை ஊருக்கு முன்னால் நிறுத்திவிட அவளுக்கு இதுதான் நேரம். அவளுக்கு உரிமையும் இருந்தது. பலகை மேல் குளம்புச் சத்தம் ஒரு முறை கேட்டு நின்றது.

“அசையுதுங்கண்ணா,” என்றாள் அன்புக்கரசி. “ஆனா மெதுவாத்தான். இன்னும் ரோடு தெரியாமச் சுத்திட்டு இருக்குதுங்க.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே கையை விரித்து நீட்டியபடி நின்றாள். அவர் புரியாமல் பார்த்தார்.

“சங்கிலிங்க,” என்றாள். “மறந்துபோட்டு ஊட்டுக்குக் கொண்டுபோயி ஐஸ் பெட்டியில வெச்சுராதீங்க.”